கான்சாஸ் நாட்குறிப்பு: சின்ன ஊர்ப் பத்திரிகைக்காரர்களைத் தேடி

வெள்ளி, டொபீகா

கான்சாஸ் மாநில வரலாற்றுக் கழகத்தை 1875ல் தொடங்கியவர்கள் பத்திரிகை ஆசிரியர்களும் பதிப்பாளர்களும். பெரும்பாலும் சின்ன ஊர்க்காரர்கள். தங்கள் இதழில் ஒரு பிரதியை இங்கே அனுப்பி வைக்கும் பழக்கத்தையும் அவர்களே ஏற்படுத்தினார்கள். அதனால்தான் இன்று கான்சாஸின் பழைய செய்தித்தாள்கள் இவ்வளவு முழுமையாகக் கிடைக்கின்றன. ஊர் அழிந்திருக்கும், ரயில் நிலையம் மூடியிருக்கும், ஆனால் அந்த ஊர்ப் பத்திரிகை மட்டும் மைக்ரோஃபிலிம் சுருளாக டொபீகாவில் உட்கார்ந்திருக்கும்.

நாங்கள் ஓவர்லேண்ட் பார்க்கிலிருந்து காலையில் கிளம்பி ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டோம். இந்த வாரம் முழுக்க ஒரே நோக்கம்: ஒரு சின்ன ஊரில் பத்திரிகை நடத்தியவர் எப்படி வாழ்ந்தார், எதில் சம்பாதித்தார், எதற்குப் பயந்தார், எதற்குப் பயப்படவில்லை என்பதை அந்த ஊர்களுக்கே போய்ப் பார்ப்பது. முதன்மையாக இரண்டு ஊர்கள். எம்போரியாவில் வில்லியம் ஆலன் வொயிட். மரியனில் மேயர் குடும்பம் (Meyer என்ற குடும்பப் பெயர், நகரத் தலைவர் பதவி இல்லை). இரண்டுக்கும் நடுவே புல்வெளி.

மைக்ரோஃபிலிம் பார்க்கும் கருவி முன் உட்கார்ந்தால் நேரம் போவது தெரியாது. 1880, 1890களின் கான்சாஸ் வாரப் பத்திரிகை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். பெரும்பாலும் நாலு பக்கம் அல்லது எட்டுப் பக்கம். அதில் பாதிப் பக்கங்களில் வெளிநாட்டுச் செய்தி, தொடர்கதை, மாத்திரை விளம்பரம். மீதிப் பாதியில் யார் வீட்டுக்கு யார் விருந்தாளியாக வந்தார், யாருடைய பசு தொலைந்தது, எந்தத் தேவாலயத்தில் பெண்கள் விருந்து நடத்துகிறார்கள் என்று ஊர்ப் பேச்சு. இரண்டு பாதிக்கும் எழுத்துரு வேறு, மையின் கருமைகூட வேறு.

காரணம் எளிது. அந்த முதல் பாதி ஊரில் அச்சானதே இல்லை. விஸ்கான்சினில் பாராபூ என்ற ஊரில் பத்திரிகை நடத்திய ஏ.என். கெல்லாக், 1861ல் உள்நாட்டுப் போர் வந்து அச்சகத்து ஆட்கள் படைக்குப் போய்விட்டதால், பக்கத்து நகரத்துப் பெரிய பத்திரிகையிடம் ஒருபக்கம் அச்சடித்த தாளை வாங்கி, மறுபக்கத்தில் தன் ஊர்ச் செய்தியை அச்சடித்தார். போர் முடிந்ததும் சிகாகோவில் இதையே ஒரு வியாபாரமாக்கிவிட்டார். அப்புறம் அமெரிக்கா முழுக்க ஆயிரக்கணக்கான ஊர்ப் பத்திரிகைகள் இப்படித்தான் ஓடின. ஒரு ஆசிரியர், ஒரு அச்சுக்கோப்பவர், மை தடவ ஒரு பையன், இவ்வளவுதான் ஆள்பலம். அவர்களால் வாரத்துக்கு எட்டுப் பக்கம் ஈய எழுத்துக் கோக்க முடியாது.

சரி, வருமானம்? சந்தா கைக்கு வருவதே கஷ்டம். விவசாயிகள் விறகாகவும் சோளமாகவும் கோழியாகவும் சந்தா கட்டியது அந்தக் காலத்துச் சாதாரண நடைமுறை. உண்மையான காசு இரண்டு வழியில் வந்தது. ஒன்று, அச்சகத்தின் உதிரி வேலை: ஏல நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, கடைக்கான ரசீது புத்தகம். இன்னொன்று, சட்டப்படி வெளியிட வேண்டிய அரசு அறிவிப்புகள்: வரி பாக்கிப் பட்டியல், நில ஏலம், கவுன்டியின் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) வரவுசெலவுக் கணக்கு. இந்த அறிவிப்புகளை எந்தப் பத்திரிகைக்குக் கொடுப்பது என்று முடிவு செய்கிறவர்கள் கவுன்டி ஆட்சிக் குழுவினர். அவர்களைத்தான் பத்திரிகை கேள்வி கேட்க வேண்டும். சின்ன ஊர்ப் பதிப்பாளருடைய வாழ்க்கையின் முடிச்சு முழுக்க இங்கேதான் இருக்கிறது. அறிவிப்பு போய்விட்டால் அந்த மாதம் காகிதம் வாங்கப் பணம் இருக்காது.

நம் ஊர் மாவட்டப் பத்திரிகைகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. நகராட்சி டெண்டர் விளம்பரமும் கண்ணீர் அஞ்சலியும் இல்லாவிட்டால் அங்கேயும் பாதிப் பக்கம் காலிதான்.

சனி, எம்போரியா

டொபீகாவிலிருந்து தெற்கே ஒரு மணி நேர ஓட்டம். எம்போரியாவில் சுமார் 24,000 பேர் இருக்கிறார்கள், ஒரு அரசுப் பல்கலைக்கழகம் இருக்கிறது, ஊர் நடுவே சரக்கு ரயில் போய்க்கொண்டே இருக்கிறது. மெர்ச்சன்ட் தெருவில் 517ஆம் எண் கட்டிடம்தான் 'எம்போரியா கெசட்' அலுவலகம். சனிக்கிழமை என்பதால் வெளியிலிருந்துதான் பார்க்க முடிந்தது. 1900ஆம் ஆண்டு வாக்கில் வொயிட் கட்டியது. மிடுக்கான கட்டிடம் என்று சொல்ல முடியாது. பக்கத்துக் கடைகளோடு தோள் உரசிக்கொண்டு நிற்கிறது. அதுவே எனக்குப் பிடித்தது.

வொயிட் இந்த ஊரில் 1868ல் பிறந்தவர். எல் டொராடோவில் வளர்ந்து, படித்து, கான்சாஸ் சிட்டியில் பெரிய பத்திரிகையில் வேலை பார்த்துவிட்டு, 1895ல் தன் 27ஆவது வயதில் 3,000 டாலருக்கு கெசட்டை வாங்கினார். அத்தனையும் கடன். கடன் கொடுத்தவர்களில் அரசியல்வாதிகளும் வங்கிக்காரரும் இருந்தார்கள். அந்தச் சின்ன நாளிதழை அப்போது வாங்கியவர்கள் சில நூறு பேர். ரயிலை விட்டு இறங்கும்போது அவர் பையில் ஒன்றேகால் டாலர்தான் இருந்ததாம். மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடப்பதா, வண்டி பிடிப்பதா என்று யோசித்து, வண்டி பிடித்தார். ஊருக்குப் புதிதாக வரும் பத்திரிகை முதலாளி நடந்து வந்தால் வங்கிக்காரருக்கு நம்பிக்கை போய்விடும் அல்லவா?

முதல் இதழின் தலையங்கத்தில் அவர் எழுதியதை நேற்று டொபீகாவில் படித்தேன். புதிய ஆசிரியர், பழைய ஆசிரியராகும்வரை இங்கேயே வாழ விரும்புகிறார் என்கிறார். எந்தக் காலத்திலும் தன் பெயருக்குக் கீழே எம்போரியா என்ற ஊர்ப்பெயரே இருக்க வேண்டும் என்கிறார். பிற்காலத்தில் பெரிய நகரங்களிலிருந்து எத்தனையோ பேர் கூப்பிட்டும் அவர் போகவில்லை. 1944 ஜனவரி 29ல் இங்கேயேதான் இறந்தார். அன்று கான்சாஸ் தினம், 1861ல் இந்த மாநிலம் உருவான நாள்.

ஆனால் அவரைப் புகழுக்குக் கொண்டுபோன எழுத்து எனக்குப் பிடித்ததே இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். 1896 ஆகஸ்டில் தெருவில் அவரை வழிமறித்து, பாப்புலிஸ்ட் கட்சிக்காரர்கள் கிண்டலும் கேள்வியுமாகத் துளைத்துவிட்டார்கள். கோபத்தோடு அலுவலகத்துக்கு வந்து, கான்சாஸுக்கு என்ன கேடு என்று ஒரு தலையங்கம் எழுதிப் போட்டுவிட்டு வெளியூருக்குப் போய்விட்டார். கடனில் மூழ்கிக் கிடந்த விவசாயிகளின் கட்சியை அதில் எள்ளி நகையாடியிருந்தார். குடியரசுக் கட்சித் தலைவர் மார்க் ஹன்னா அதை லட்சக்கணக்கில் அச்சடித்து நாடு முழுக்க விநியோகித்தார். ஜனாதிபதித் தேர்தலில் அந்தக் கட்சியின் மெக்கின்லி ஜெயித்தார், வொயிட் பிரபலமானார். பின்னாளில் தியடோர் ரூஸ்வெல்ட்டோடு பழகி, முற்போக்கு அணிக்கு வந்தபின், அன்று தான் கேலி செய்தவர்கள் கேட்டவற்றில் பலவற்றை அவரே ஆதரித்தார். தெருவில் நடந்த ஒரு சண்டை, அன்று மாலையே தலையங்கமாகிவிடுகிறது. அதுதான் சின்ன ஊர்ப் பத்திரிகையின் பலம், ஆபத்தும் அதே.

பிற்பகல் எக்ஸ்சேஞ்ச் தெருவில் 927ஆம் எண் வீடு. 'ரெட் ராக்ஸ்' என்று பெயர். கொலராடோவிலிருந்து வந்த சிவப்பு மணற்கல்லில் கட்டியது. இப்போது மாநில வரலாற்றுச் சின்னம். 1920ல் ஒரு தீ விபத்துக்குப் பிறகு மீண்டும் கட்டினார்கள். அந்தச் சமயத்தில் புகழ்பெற்ற கட்டிடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட்டிடம்கூட ஆலோசனை கேட்டிருக்கிறார்கள். ரூஸ்வெல்ட் வந்து தங்கிய வீடு. உள்ளே எங்கு பார்த்தாலும் புத்தகம். ஆனால் என் கவனம் போனது, இந்த வீட்டுக்கு எப்படிப் பணம் வந்தது என்பதில். கெசட் மட்டும் இந்த வீட்டைக் கட்டியிருக்காது. வொயிட் நியூயார்க் இதழ்களுக்குக் கதையும் கட்டுரையும் எழுதினார், புத்தகம் போட்டார். அந்த வருமானம் ஒரு கவசம். உள்ளூர் வியாபாரி விளம்பரத்தை நிறுத்துவேன் என்று மிரட்டினால் சிரித்துக்கொண்டே போகச் சொல்ல முடிந்தது. மனைவி சாலியும் பத்திரிகைக்கு எழுதியிருக்கிறார், கணக்கு வழக்கும் பார்த்திருக்கிறார். வொயிட்டின் பெயரோடு சாலியின் பெயரும் அந்தக் கட்டிடத்தில் இருந்திருக்க வேண்டியது.

ஞாயிறு, எம்போரியா

இன்று முழுக்க ஒரு பெண்ணோடும் ஒரு வேலைநிறுத்தத்தோடும் கழிந்தது.

மேரி வொயிட், வில்லியம் வொயிட்டின் மகள். 1921 மே மாதம், 16 வயது. குதிரையில் போய்க்கொண்டிருந்தவள் நண்பன் ஒருவனைப் பார்த்துக் கையசைத்தாள். திரும்பிப் பார்க்கும் முன் குதிரை மரத்தடிக்குப் போய்விட்டது. தாழ்ந்திருந்த கிளை தலையில் மோதியது. மூன்று நாள் கழித்து இறந்துபோனாள். அடக்கம் முடிந்த மறுநாள், மே 17, கெசட்டில் அப்பா எழுதியது வெளியானது.

அந்தப் பக்கத்தை வெள்ளிக்கிழமை மைக்ரோஃபிலிமில் தேடி எடுத்தோம். முதலில் நான் படித்தேன், அப்புறம் மனைவி படித்தாள். எடுத்த எடுப்பில் அவர் செய்வது ஒரு செய்தித் திருத்தம். மேரி குதிரையிலிருந்து விழுந்து இறந்தாள் என்று அசோசியேட்டட் பிரஸ் செய்தி அனுப்பியிருந்தது. இதைக் கேட்டால் அவளே சிரித்திருப்பாள், வாழ்நாளில் அவள் குதிரையிலிருந்து விழுந்ததே இல்லை என்று தொடங்குகிறார். மகளை அடக்கம் செய்துவிட்டு வந்து உட்கார்ந்த மனிதருக்கு முதலில் தோன்றியது, செய்தி தப்பாகப் போயிருக்கிறது, அதைச் சரி செய்ய வேண்டும் என்பது. அதன் பிறகே மகள் எப்படிப்பட்டவள் என்று சொல்கிறார். கார் நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு ஊரைச் சுற்றுவாள், நீளப் பின்னலை விட்டுக்கொடுக்க மாட்டாள், பள்ளி ஆண்டுமலருக்குப் படம் வரைவாள். ஆதரவற்றோர் இல்லத்து மனிதர்களுக்கு விருந்து வைக்க நிதி திரட்டுவாள். உயர்நிலைப் பள்ளியில் கறுப்பினப் பெண்களுக்கு ஓய்வறை வேண்டும் என்று முயன்றுகொண்டிருந்தாள். 1921ல், ஒரு கான்சாஸ் ஊரில், 16 வயதுப் பெண் அதைக் கேட்டாள், அதை அவள் அப்பா எல்லோரும் படிக்கும் பத்திரிகையில் பதிவு செய்தார்.

"ஏங்க, அழுவதற்கு ஒரு வரிகூட இல்லையே இதில்," என்றாள் மனைவி. உண்மை. ஒரு இடத்திலும் அவர் தன் துக்கத்தைப் பற்றி எழுதவில்லை. எல்லா வரியிலும் மேரிதான். அந்த ஊரில் எல்லோருக்கும் அவளைத் தெரியும், அதனால் பொய்யாகப் புகழவும் முடியாது. பிறகு நாடு முழுக்கப் பாடநூல்களில் சேர்ந்த கட்டுரை இது. ஆனால் எழுதும்போது அவர் மனதில் இருந்த வாசகர்கள் அந்தத் தெருக்காரர்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அவள் நினைவாகக் குடும்பம் ஊருக்குக் கொடுத்த நிலம்தான் இன்றைய பீட்டர் பான் பூங்கா. காலையில் அங்கே நடந்தோம். குழந்தைகள் விளையாட்டு மைதானம், குளம், ஓரிடத்தில் வொயிட்டின் மார்பளவு சிலை. ஜோ டேவிட்சன் செய்தது. திறந்து வைத்தவர் முன்னாள் ஜனாதிபதி ஹெர்பர்ட் ஹூவர். மேப்பிள்வுட் கல்லறைத் தோட்டத்துக்கும் போனோம், ஆனால் அதைப் பற்றி எழுத அதிகம் இல்லை.

இனி அந்த வேலைநிறுத்தம். 1922ல் ரயில்வே பட்டறைத் தொழிலாளர்கள் நாடு முழுக்க வேலைநிறுத்தம் செய்தார்கள். எம்போரியா சாண்டா ஃபே ரயில்வேயின் முக்கிய இடம். ஊர்க் கடைக்காரர்கள் தொழிலாளர்களை 100 சதவீதம் ஆதரிக்கிறோம் என்று கண்ணாடியில் அட்டை ஒட்டினார்கள். ஆளுநர் ஹென்றி ஆலன் அதைத் தடை செய்தார். அவர் நடத்திவந்த கான்சாஸ் தொழில் நீதிமன்றம் வேலைநிறுத்தத்தையே சட்டவிரோதமாக்கியிருந்தது. இந்த ஆலனும் ஒரு பத்திரிகை முதலாளிதான், விச்சிட்டாவில். வொயிட்டின் நெருங்கிய நண்பர். முதல் உலகப் போர்க் காலத்தில் இருவரும் செஞ்சிலுவைக்காக ஐரோப்பாவுக்குச் சேர்ந்து போனவர்கள்.

வொயிட் என்ன செய்தார் தெரியுமா? கெசட் ஜன்னலில் ஒரு அட்டை வைத்தார். தொழிலாளர்கள் அமைதியாக இருக்கும்வரை அவர்களுக்கு எங்கள் ஆதரவு 50 சதவீதம், வன்முறை இல்லாமல் போகும் ஒவ்வொரு நாளும் ஒரு சதவீதம் கூட்டுவோம் என்று எழுதி வைத்தார். வேலைநிறுத்தத்தை முழுதாக அவர் ஏற்கவில்லை, பாதிதான். ஆனால் அட்டை வைக்கும் உரிமையை முழுதாக ஏற்றார். நண்பரின் அரசு அவரைக் கைது செய்தது.

ஜூலை 27ஆம் தேதி, கவலைப்பட்ட ஒரு நண்பருக்குப் பதில் சொல்வது போல ஒரு சிறு தலையங்கம் எழுதினார். பேச்சுரிமையைவிடச் சட்டம் பெரிது என்கிறீர்கள், மக்கள் தங்கள் அறிவையும் கூடவே தங்கள் மடமையையும் தடையில்லாமல் பேசினால்தான் நல்ல சட்டமே உண்டாகும் என்பது அதன் சாரம். 1923ல் அதற்குப் புலிட்சர் பரிசு. வழக்கை டிசம்பரில் கைவிட்டார்கள். விசாரணை நடந்து தீர்ப்பு வரவேண்டும் என்றே வொயிட் விரும்பினார்.

இரண்டே ஆண்டில் இன்னொன்று. கூ க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பு கான்சாஸிலும் பரவியிருந்தது. இரண்டு பெரிய கட்சி வேட்பாளர்களும் அதை வெளிப்படையாகக் கண்டிக்கத் தயாரில்லை என்று பார்த்ததும், 1924 செப்டம்பரில் சுயேச்சையாக ஆளுநர் தேர்தலில் நின்றார். ஆறு வாரம் காரில் மாநிலம் முழுக்கச் சுற்றி, க்ளானைப் பெயர் சொல்லித் திட்டினார். மூன்றாவதாகத்தான் வந்தார், ஆனால் ஒன்றரை லட்சம் பேர் அளவுக்கு ஓட்டுப் போட்டார்கள். க்ளானில் சேர்ந்தவர்களில் அவர் பத்திரிகைச் சந்தாதாரர்களும் இருந்திருப்பார்கள். மறுநாள் காலை அவர்கள் கடையில்தான் காப்பி குடிக்க வேண்டும், அவர்களிடம்தான் விளம்பரம் கேட்க வேண்டும். தலைநகரத்திலிருந்து க்ளானைத் திட்டுவதும் எம்போரியாவிலிருந்து திட்டுவதும் ஒன்றில்லை.

திங்கள், காட்டன்வுட் ஃபால்ஸ்

இன்று சுருக்கமாக. எம்போரியாவிலிருந்து மேற்கே 20 மைல் தள்ளி ஃபிளின்ட் ஹில்ஸ். மண்ணுக்கு அடியிலேயே சுண்ணாம்புக் கல்லும் தீக்கல்லும் இருப்பதால் கலப்பை இறங்காது. அதனால்தான் இந்த உயரப்புல் நிலம் உழவிலிருந்து தப்பியது. அமெரிக்காவில் ஒரு காலத்தில் இருந்த இத்தகைய புல்வெளியில் இன்று மிஞ்சியது நாலு சதவீதத்துக்கும் குறைவு. ஸ்ட்ராங் சிட்டிக்கு வடக்கே உள்ள தேசியப் பாதுகாப்பிடத்தில் நடந்தோம். ஏப்ரல் மாதம், புல்லை எரிக்கும் பருவம். எரித்தால்தான் புதுப்புல் நன்றாக வரும், மாடுகள் கொழுக்கும். தூரத்தில் பல இடங்களில் புகை. எரிந்து முடிந்த குன்றுகள் கருப்பு, போன வாரம் எரிந்தவை அதற்குள் பச்சை.

காட்டன்வுட் ஃபால்ஸில் செங்கல் பாவிய தெருவின் கோடியில் 1873ல் கட்டிய சுண்ணாம்புக் கல் நீதிமன்றம் இன்றும் நீதிமன்றமாகவே நடக்கிறது. மொத்தக் கவுன்டியிலும் சுமார் 2,500 பேர்தான். இங்கும் ஒரு வாரப் பத்திரிகை வருகிறது. உணவு விடுதியில் கல்லாவுக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருந்தார்கள். பரிமாறிய அம்மா, எங்கள் தட்டை வைப்பதற்கு முன்னால் பக்கத்து மேசைப் பெரியவரிடம், உங்கள் பேத்தி படம் வந்திருக்கிறதே, பார்த்தீர்களா என்று கேட்டார். அவர் பார்த்திருந்தார். இரண்டு பிரதி வாங்கியும் வைத்திருந்தார்.

அமெரிக்காவில் 2005ல் இருந்த செய்தித்தாள்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இப்போது இல்லை. 200க்கும் மேற்பட்ட கவுன்டிகளில் உள்ளூர்ச் செய்தி தர ஒரு ஊடகமும் இல்லை. அப்படிப்பட்ட கவுன்டியில் ஆட்சிக் குழு கூடும்போது நிருபர் நாற்காலி காலியாக இருக்கும், எதை எந்த விலைக்கு வாங்கினார்கள் என்று எழுத ஆளிருக்காது.

புதன், மரியன்

நேற்று மாலையே வந்துவிட்டோம், எழுத நேரமில்லை. மரியனில் சுமார் 1,900 பேர். 'மரியன் கவுன்டி ரெக்கார்ட்' 1869ல் தொடங்கிய வாரப் பத்திரிகை, புதன்கிழமை தேதியிட்டு வரும். நெடுங்காலம் ஹோக் குடும்பத்திடம் இருந்தது. அந்தக் குடும்பத்து எட்வர்ட் ஹோக் 1905 முதல் 1909 வரை கான்சாஸ் ஆளுநராகவே இருந்தார். 1998ல் மேயர் குடும்பம் வாங்கியது. பல பத்தாண்டுகள் அங்கே ஆசிரியராக இருந்த பில் மேயர், அவர் மனைவி ஜோன், மகன் எரிக். பெரிய நிறுவனம் ஒன்று வாங்கிவிடுமோ என்ற கவலையில் தங்கள் சேமிப்பைப் போட்டு வாங்கினார்கள். எரிக் மில்வாக்கியில் பத்திரிகையாளராக இருந்து, இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இதழியல் சொல்லிக்கொடுத்தவர். பின்னர் ஊருக்கே திரும்பி வந்து பத்திரிகையைப் பார்த்துக்கொண்டார்.

2023 ஆகஸ்ட் 11, வெள்ளிக்கிழமை. ஊர்க் காவல்துறை தேடுதல் ஆணையோடு அலுவலகத்துக்குள் நுழைந்து கணினிகள், கைபேசிகள், சர்வர் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனது. அதே நேரத்தில் மேயர் குடும்பத்தின் வீட்டிலும், நகரத் துணைத் தலைவரின் வீட்டிலும் சோதனை. விஷயம் இவ்வளவுதான்: ஊர் உணவக உரிமையாளர் ஒருவரின் ஓட்டுநர் உரிமம் பற்றி பத்திரிகைக்கு ஒரு தகவல் வந்தது. நிருபர் அதை அரசின் பொது இணையதளத்தில் சரிபார்த்தார். அதைச் செய்தியாக்க வேண்டாம் என்று முடிவு செய்து, காவல்துறைக்கும் எரிக் மேயரே தெரிவித்தார். அதையே அடையாளத் திருட்டு என்று ஆணை வாங்கிவிட்டார்கள். இதே காவல்துறைத் தலைவரின் முந்தைய பணிக்காலம் பற்றியும் பத்திரிகை விசாரித்துக்கொண்டிருந்தது. செய்தியாளர்களின் குறிப்புகளைத் தேடிப் பறிக்கக் கூடாது, சம்மன் அனுப்பிக் கேட்க வேண்டும் என்று 1980லேயே நாட்டில் சட்டம் இருக்கிறது.

ஜோன் மேயருக்கு அப்போது 98 வயது. பல பத்தாண்டுகளாகப் பத்திரிகையில் வேலை பார்த்தவர், பழைய நினைவுகள் பற்றிய பத்தியைத் தொகுத்தவர். வீட்டுக்குள் காவலர்கள் நிற்க, நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு, என் வீட்டை விட்டு வெளியே போங்கள் என்று அவர் கத்துவது வீட்டு கேமராவில் பதிவாகியிருக்கிறது. அதற்குப் பிறகு அவரால் சாப்பிடவும் தூங்கவும் முடியவில்லை. மறுநாள் சனிக்கிழமை இறந்துபோனார். அந்தக் காட்சியை நான் முன்பே பார்த்திருந்தேன். இன்று அந்தத் தெரு வழியாக நடந்தபோது மறுபடி நினைவுக்கு வந்து கோபம் தாங்கவில்லை. என் மனைவி ஒன்றும் பேசாமல் கூட நடந்தாள்.

ஆனால் நான் இங்கே வந்தது அந்தச் சோதனைக்கு அடுத்த நாலு நாட்களின் கதைக்காக. வெள்ளிக்கிழமை எல்லாம் போய்விட்டது, செவ்வாய் இரவு பக்கங்கள் அச்சுக்குப் போக வேண்டும். கோப்புகள் இல்லை, விளம்பர வடிவமைப்புகள் இல்லை, பத்திரிகையின் பெயரைத் தாங்கும் முகப்பைக்கூடப் புதிதாகச் செய்ய வேண்டும். பழைய கணினிகளைத் தேடிப் பிடித்து, கான்சாஸ் பத்திரிகைச் சங்கத்தின் உதவியோடு, விடிய விடிய உட்கார்ந்து பக்கம் கட்டினார்கள். எரிக் மேயர் ஒரு பக்கம் அம்மாவின் இறுதிக் காரியங்களைப் பார்க்க வேண்டும், மறுபக்கம் உலகம் முழுக்கவிருந்து வரும் தொலைபேசிக்குப் பதில் சொல்ல வேண்டும். ஆகஸ்ட் 16 காலை இதழ் வந்தது. முதல் பக்கத்தில் மிகப் பெரிய எழுத்தில், பறித்தார்கள், ஆனால் வாயை அடைக்கவில்லை என்ற பொருளில் தலைப்பு. அன்றைக்கே கவுன்டி வழக்கறிஞர், போதிய ஆதாரம் இல்லை என்று ஆணையைத் திரும்பப் பெற்றார்.

காவல்துறைத் தலைவர் அக்டோபரில் ராஜினாமா செய்தார். 2024ல் சிறப்பு வழக்கறிஞர்கள், பத்திரிகையாளர்கள் எந்தக் குற்றமும் செய்யவில்லை என்று அறிக்கை கொடுத்தார்கள். 2025 நவம்பரில் மரியன் கவுன்டி 30 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வழக்கில் சமரசம் செய்துகொண்டது, வருத்தமும் தெரிவித்தது. ஏழெட்டுப் பேர் வேலை பார்க்கும் ஒரு வாரப் பத்திரிகை, ஒரு அரசு நிர்வாகத்தை அவ்வளவு தூரம் கொண்டுவந்தது.

மூன்றாம் தெருவில் உள்ள அலுவலகத்துக்குப் போய் இன்றைய இதழை வாங்கினோம். வேலையாக இருந்தார்கள், தொந்தரவு செய்யவில்லை. எதிரே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை படித்தோம். கவுன்டி ஆட்சிக் குழுக் கூட்டத்தில் யார் என்ன சொன்னார், சாலைக்கு எவ்வளவு செலவு என்று ஒரு நீண்ட செய்தி. பள்ளி மாணவர் போட்டி முடிவுகள். ஷெரிஃப் அலுவலகத்துக்கு வந்த அழைப்புகள், அதில் ஒன்று சாலையில் திரியும் மாடு. மரண அறிவிப்புகள். சின்ன எழுத்தில் சட்ட அறிவிப்புகள், நான் முதல் நாள் சொன்ன அதே சங்கதி. கூட்டத்துச் செய்தி எழுதியவர் ஒருவர் விடாமல் எல்லோர் பேச்சையும் குறித்திருந்தார். ஓட்டு எப்படிப் பிரிந்தது என்பதைப் பெயரோடு போட்டிருந்தார். நாளை அவர்கள் எல்லோரையும் அவர் மளிகைக் கடையில் பார்ப்பார்.

ஒரு வருடச் சந்தா கட்டிவிட்டு வந்தோம். தபாலில் வரும்போது இரண்டு மூன்று நாள் பழையதாகியிருக்கும், பரவாயில்லை.

போக விரும்புகிறவர்களுக்கு: எம்போரியாவில் ரெட் ராக்ஸ் எல்லா நாளும் திறந்திருக்காது, விசாரித்துக்கொண்டு போங்கள். மரியனுக்கு எம்போரியாவிலிருந்து 50ஆம் எண் சாலையில் ஃபுளோரன்ஸ் வரை போய், 77ல் வடக்கே திரும்புங்கள். ஏப்ரலில் போனால் புல்லெரிப்புப் புகை சாலையை மறைக்கும், மெதுவாக ஓட்டுங்கள். நாங்கள் நாளை அட்சிசன் வழியாக வீடு திரும்புகிறோம். அங்கே 1877ல் எட் ஹவ் என்பவர் 'குளோப்' பத்திரிகையைத் தொடங்கினார். அவரைப் பற்றி நாளை இரவு எழுதுகிறேன்.